காலாவதி அலமாரி

ஒரு டம்ளர் டீயை இருபது நிமிடம் குடிக்கக்கூடிய மனிதர் அந்தத் தெருவில் ஒருவர்தான் இருந்தார். செருப்பு மாட்ட ஐந்து நிமிடம். கதவைப் பூட்டி இழுத்துப் பார்க்க மூன்று நிமிடம். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்க இன்னொரு ஐந்து நிமிடம். இப்பேர்ப்பட்டவருக்குத் தெருக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'டர்போ'. அவர் அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

தெருமுனையில் அவருக்கு ஒரு மருந்துக்கடை. டாக்டர் சீட்டை மூன்று முறை படிப்பார், மாத்திரையை இரண்டு முறை எண்ணுவார், உறையின் மேல் அச்சடித்தது போன்ற கையெழுத்தில் காலை, மாலை என்று எழுதுவார். முப்பத்தைந்து வருடத்தில் ஒருவருக்குக்கூட மருந்து மாறிப் போனதில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடையோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

கடைக்கு அடுத்து அவர் உயிரையே வைத்திருந்தது ஒரு காரின் மேல். உண்மையில் அந்தக் கார் அவருடையதே அல்ல, மனைவியுடையது. மனைவி பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் எல்லாருக்கும் அவர் 'டிரைவரம்மா'. இருபத்தெட்டு வருடத்துக்கு முன், வேலை நிரந்தரமான கையோடு, இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தத் தாழ்வான சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை எங்கேயோ பார்த்துப் பிடித்துப்போய் வாங்கி வந்துவிட்டார். அப்போதே அது பழைய வண்டி. விளக்குகள் பகலில் மூடியிருக்கும், சுவிட்சைத் தட்டினால் பானெட்டிலிருந்து எழும்பும். இடது விளக்கு மட்டும் சற்றுத் தாமதமாக, தூக்கம் கலையாததுபோல எழும்பும்.

அதன் விசேஷம் டர்போ. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும், அந்தச் சக்கரம் இன்னொன்றைச் சுழற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். ஆனால் அது பழங்காலத்து டர்போ. காலை அழுத்தினால் உடனே ஒன்றும் நடக்காது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மூன்று சொல்வதற்குள் யாரோ பின்னாலிருந்து சீட்டோடு சேர்த்து உதைத்ததுபோல வண்டி பாயும். டிரைவரம்மா ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு எண்ணுவார், வண்டி பாய்ந்ததும் உரக்கச் சிரிப்பார். பக்கத்துச் சீட்டில் நம் டர்போ கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பார். அவரிடமும் லைசென்ஸ் இருந்தது, கடை வேனுக்காக வாங்கியது. அதை வைத்து அவர் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதாகத் தகவல் இல்லை.

ஒன்பது வருடம் இப்படி ஓடிய வண்டி, ஒருநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலமாகப் புகை விட்டது.

"டிப்போல பஸ்ஸுக்கு இப்படிப் பொகை வந்தா..." என்று டிரைவரம்மா ஆரம்பித்தார்.

"பஸ் வேற, இது வேற ம்மா" என்று டர்போ கையமர்த்தினார். "ரெண்டு நாள் குடு. டர்போவக் கழட்டிப் பாத்துட்டு மாட்டிடறேன்."

அந்த இரண்டு நாளுக்கு இப்போது பத்தொன்பது வயது.

டர்போவைக் கழற்ற அதைப் பிடித்திருந்த பைப்பைக் கழற்றவேண்டி வந்தது. பைப்பைக் கழற்றினால், கழற்றியதுதான் கழற்றினோம், எஞ்சினின் தலையையும் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. தலையைக் கழற்றினால் உடம்பு மட்டும் எதற்கு உள்ளே? ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கார் வெறும் கூடாகி ஷெட்டில் நின்றது. எஞ்சின் முன்னறைக்கு வந்து மேஜைவிரிப்புக்குள் புகுந்தது. வருகிற விருந்தாளிகள் அதன் மேல் டம்ளரை வைத்துவிட்டு, "நல்ல கனமான மேஜை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கியர்பாக்ஸ் கட்டிலுக்கு அடியில் குடியேறியது. கழற்றிய டர்போ, அத்தனைக்கும் காரணமான அந்த இரும்பு நத்தை, சமையலறைப் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அந்த வீட்டில் ஒழுங்காக வேலை பார்த்த ஒரே உதிரிபாகம் அதுதான்.

நட்டு, போல்ட்டுகளையெல்லாம் அவர் காலி மருந்து பாட்டில்களில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் அழகாகச் சீட்டு எழுதி ஒட்டினார். நோக்கம் நல்லதுதான். ஆனால் பல வருடமாக அந்த வீட்டில் தலைவலி என்று பாட்டிலைத் திறந்தால் எட்டு மில்லிமீட்டர் நட்டுதான் கையில் விழும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஷெட்டுக்குப் போவார். ஒரு பாகத்தைத் துடைப்பார். துடைத்த பிறகு இதைவிட நல்லது கிடைக்குமே என்று தோன்றும். அதற்குக் கடிதம் எழுதுவார், பின்னாளில் மெயில் அனுப்புவார், காத்திருப்பார். வந்து சேர்வதற்குள் அதையும்விட நல்லது வந்திருக்கும். வண்டியை மேம்படுத்துகிறாராம். ஓடாத வண்டியை எத்தனை மேம்படுத்தினாலும் வேகம் ஒன்றுதான் என்பதை எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள், ஐம்பது இருக்கை பஸ்ஸைக் காலை ஷிப்டு முழுக்க ஓட்டிவிட்டு வந்து, எஞ்சின் மேலிருந்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இப்படியே இன்னொரு இருபது வருடம் போயிருக்கும். கண் மருந்துதான் கணக்கைக் கலைத்தது.

டிரைவரம்மாவுக்குக் கண்ணில் அழுத்த நோய். பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிவந்தது. சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தவரே டர்போதான். முதலில் ஒரு பாட்டில், மறுவருடம் இரண்டு. இந்த வருடம் நான்காவது பாட்டிலுக்குச் சீட்டு வந்தபோது, வழக்கம்போல அதை மூன்று முறை படித்தார். வேறு யாருடைய சீட்டாக இருந்தாலும் அதன் அர்த்தம் அவருக்கு முதல் தடவையிலேயே புரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் டிரைவரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"லைசென்ஸ் இன்னும் அஞ்சு மாசத்துல, பதினாலாம் தேதியோட முடியுது. புதுப்பிக்கப் போனா பக்கப் பார்வை பாப்பாங்களாம், அதுல நான் தேறமாட்டேன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பஸ் சாவிய இன்னிக்கே மேனேஜர் மேஜையில வெச்சிட்டு வந்துட்டேன்."

"இன்னும் அஞ்சு மாசம் இருக்கில்ல? எதுக்கு அதுக்குள்ள?"

"அத்தன பேர ஏத்திக்கிட்டு, பக்கத்துல யாரு வர்றான்னு தெரியாம ஓட்டச் சொல்றீங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பகல்ல, ஆளில்லாத ரோட்டுல இப்பவும் ஓட்டலாம்னாரு. எனக்கு ஒரே ஒரு ஆசதான். அந்தத் தேதிக்குள்ள என் வண்டிய ஒரு தடவ நான் ஓட்டணும். புதுசா எதுவும் வேணாம். இருந்தது இருந்தபடி மாட்டுங்க. ஓடினாப் போதும்."

பத்தொன்பது வருடத்தில் அந்த அம்மாள் வண்டியைப் பற்றி வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. டர்போ தலையாட்டினார்.

உடனே வேலையில் இறங்கினார் என்று எழுத ஆசைதான். அவர் முதல் மூன்று வாரம் என்னென்ன வேலை இருக்கிறது என்று பட்டியல் போட்டார். நான்காவது வாரம் பட்டியலை நல்ல தாளில் பெயர்த்து எழுதினார்.

நல்லவேளையாக லேத்துக்காரர் ஒருவர் இருந்தார். இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருப்பவர், இவரைவிடப் பத்து வயது இளையவர், வாய் மட்டும் இருபது வயது மூத்தது. எஞ்சினைப் பட்டறைக்குத் தூக்கிப்போய் சிலிண்டர்களைக் கடைந்து கொடுத்தார். புது பிஸ்டன் போட்டார். அதில் ஒரு மேம்பாட்டை டர்போ உள்ளே நுழைத்தார், பழையதைவிடக் கெட்டியான பிஸ்டன். பிரேக்கையும் பெரிதாக்கினார். அந்த வண்டியை ஓட்டப்போவது யார் என்று தெரிந்திருந்ததால், பிரேக் விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

"போதும்ணே, இதோட நிறுத்திக்குங்க" என்றார் லேத்துக்காரர். "அண்ணி ஓட்டணும்னு கேட்டாங்களா, பாத்து ரசிக்கணும்னு கேட்டாங்களா?"

"போதும், போதும்" என்று டர்போ சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். சொல்லும்போதே ஒரு புத்தம்புது டர்போ அவருக்காகக் கிளம்பி வந்துகொண்டிருந்தது.

என்ன செய்வது, அவர் குணம் அப்படி. புதுசு காத்திருக்க வைக்காதாம். காலை வைத்ததும் பாயுமாம். ஒன்று, இரண்டு என்று எண்ணவே வேண்டாமாம். பின்கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த கிழட்டு நத்தையைத் தன் மனைவியின் கடைசிப் பயணத்துக்குப் போய் மாட்டுவதா? புதுசைப் போட்டு அவளை அசத்திவிட வேண்டும். அந்த அம்மாளுக்கு அதில் பிடித்ததே அந்த எண்ணிக்கைதான் என்பது இத்தனை படித்த மனிதருக்கு உறைக்கவில்லை.

வீட்டில் வைத்தால் மாட்டிக்கொள்வார். அதனால் கடையிலேயே ஒளித்தார். கடையின் உள்ளறையில் ஒரு அலமாரி உண்டு. தேதி முடிந்த மருந்துகளை விற்பனைக்கு உள்ளதோடு கலந்துவிடாமல் தனியாகப் பூட்டி வைக்கிற அலமாரி. சாவி அவரிடம் மட்டும்தான். புது டர்போவை ஒரு சலைன் பெட்டியில் வைத்து, ஒட்டி, யாராவது பார்த்தாலும் சந்தேகம் வராமல் இருக்க மேலே தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'சலைன், பன்னிரண்டு பாட்டில், காலாவதி.'

காலாவதியான சரக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய் உலையில் போட்டு எரித்துவிடும். அந்த நாள் வந்தபோது டர்போவின் மனசெல்லாம் பிஸ்டன் வளையத்தில் இருந்தது. அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு பெட்டியாக எடுத்தார். சலைன் பெட்டி வந்தது. மேலே எழுதியிருந்ததைப் படித்தார், வழக்கம்போல மூன்று முறை. கையில் தூக்கிப் பார்த்தார், பன்னிரண்டு பாட்டில் கனம் சரியாக இருந்தது. தன் கையெழுத்தையே நம்பாவிட்டால் வேறு யார் கையெழுத்தை நம்புவது? பட்டியலில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார்.

ஐந்து நாள் கழித்து, எஞ்சின் வண்டிக்குள் இறங்கிய பிறகு, புது டர்போவை எடுக்க வந்தவர் வெறும் அலமாரியைப் பார்த்தார். ஒரு நிமிடம் போலப் பேய்முழி முழித்துக்கொண்டு நின்றார். பிறகு உலைக்குப் போன் போட்டார்.

"உங்க சரக்கா? முந்தாநாளே எரிச்சாச்சு சார்" என்றார் அங்கிருந்தவர். "ஒரு பொட்டி மட்டும் சரியா எரியல. கட்டியா நின்னுடுச்சு."

"ஐயோ, அப்புறம்?" டர்போவுக்கு உயிர் வந்தது.

"அப்புறமென்ன, இன்னொரு தடவ போட்டோம்."

முப்பத்தைந்து வருடத்தில் அந்தக் கடையிலிருந்து தவறாக வெளியே போன முதல் சரக்கு அதுதான். ஐந்தாவது மாதத்தில் தேதி அன்றைக்கு மூன்று. பதினான்கிற்குப் பதினோரு நாள் இருந்தது.

அவர் நேராக வீட்டுக்குப் போய்ப் பின்கதவிலிருந்து பழைய டர்போவைத் தூக்கினார். கதவு படாரென்று அடித்துக்கொண்டது. அதைக் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்தபடி பட்டறைக்கு வேகமாக நடந்தார். வேகமாக நடந்தார் என்பதை இரண்டு தடவை சொன்னாலும் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள்.

லேத்துக்காரர் அதைத் துடைத்தார், சக்கரத்தை விரலால் சுற்றினார், தண்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார், அளந்தார். மறுபடி அளந்தார்.

"அண்ணே, இதுல ஒரு குறையும் இல்லியே. இத எதுக்குக் கழட்டினீங்க?"

"பொகை வந்துச்சுப்பா. நீலப் பொகை."

"இதுலேருந்தா? இதுக்குள்ள போற ஆயிலு திரும்பிக் கீழ எறங்க ஒரு டியூப் இருக்குமே, அது எங்க?"

அது ஒரு இருமல் மருந்து அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்தது. 'டர்போ, எண்ணெய் திரும்பும் குழாய், நல்ல நிலையில் உள்ளது' என்று மேலே எழுதியிருந்தது. லேத்துக்காரர் அதை வாயில் வைத்து ஊதினார். கன்னம்தான் உப்பியது. கம்பியை விட்டுக் குத்தினார். நிலக்கடலை அளவில் ஒரு சாம்பல் நிறக் கட்டி மேஜையில் விழுந்தது.

கசிவை அடைக்கிற பசை. வண்டி புகை விடுவதற்கு ஒரு மாதம் முன்பு அந்தக் குழாயைக் கழற்றித் துடைத்து மாட்டியது டர்போவேதான். கொஞ்சம் தடவினால் போதும். கசிந்துவிடக் கூடாதே என்று இரண்டு பங்கு தடவினார். அது உள்ளே பிதுங்கி வழியை அடைத்துக்கொண்டது, இறங்க வழியில்லாத எண்ணெய் டர்போ வழியாகக் கசிந்து புகைந்தது. ஒரு நோயாளிக்குக்கூட ஒருநாளும் இரட்டை மடங்கு மருந்து கொடுக்காதவர் அவர்.

லேத்துக்காரருக்கு வாய்க்குள் ஆயிரம் கிண்டல் இருந்திருக்கும். டர்போவின் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார். "மாட்டுவோம்ணே, நேரமில்ல" என்றார்.

டர்போ அந்தக் கட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஒன்பது நாளும் அவர் டீ குடித்ததை யாரும் பார்க்கவில்லை. கடையைப் பதினொரு மணிக்கே சாத்தினார், பூட்டை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை. பாட்டில் பாட்டிலாகத் திறந்து கொட்டினார். அங்கேதான் அவருடைய சீட்டுகள் அவரைக் காப்பாற்றின, ஒரு நட்டுகூட இடம் மாறவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் நாம் சிரித்ததை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டாம் தேதி மாலை சாவியைத் திருகினார்கள். வண்டி இருமியது, குலுங்கியது, பிறகு சீராக உறுமியது. பின்னால் புகை இல்லை.

பதின்மூன்றாம் தேதி காலை, நீர்த்தேக்கத்துக் கரையில் நேராக ஓடும் ரோடு. ஆள் நடமாட்டமே இல்லை. டிரைவரம்மா சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் தலையை முழுதாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முன்பெல்லாம் அவர் அப்படித் திருப்பிப் பார்க்கத் தேவையிருந்ததில்லை. விளக்குச் சுவிட்சைச் சும்மா ஒருமுறை தட்டினார். வலது விளக்கு எழும்பியது. இடது விளக்கு ஆற அமர எழும்பியது.

"இத நீங்க சரி பண்ணலியா?" என்றார் சந்தோஷமாக.

"நேரமில்ல."

"நல்லவேள."

காலை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. "ஒண்ணு... ரெண்டு..." என்றார். வண்டி பாய்ந்தது. ஐம்பத்தேழு வயதுக் குரலில் அந்தப் பழைய சிரிப்பு அப்படியே வந்தது. டர்போ கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தார், ஆனால் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. புது டர்போ எரிந்துபோனதற்கு மனசுக்குள் நன்றி சொன்னார்.

ரோட்டின் முடிவில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவரம்மா சிரித்துக்கொண்டே மூச்சு வாங்கினார். டர்போ சட்டைப் பையிலிருந்து அந்தக் கட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுதான்" என்றார். "பத்தொம்பது வருஷமும் இதுதான். அந்த ஆயில் டியூப்ல அடைச்சிருந்துச்சு. நான்தான் தடவினேன்."

டிரைவரம்மா அதை உருட்டிப் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"டிப்போல நீலப் பொகை வந்தா மொதல்ல அந்த டியூபத்தான் கழட்டுவாங்க."

"தெரியுமா உனக்கு? சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். பஸ் வேற, இது வேறன்னீங்க."

"மறுபடி ஒரு தடவ சொல்லியிருக்கலாம்" என்றார் டர்போ, தனக்கே கேட்காத குரலில்.

"சொல்லியிருக்கலாம். ஆனா ஞாயித்துக்கெழம ஷெட்டுலேருந்து வந்து கை கழுவுவீங்க பாருங்க, அப்ப உங்க மூஞ்சி அவ்வளவு சந்தோஷமா இருக்கும். கடையிலேருந்து வரும்போது அப்படி இருக்காது. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." அவர் அந்தக் கட்டியை டாஷ்போர்டின் மேல் வைத்தார். "நேரம் இருக்குன்னு நெனச்சேன்."

டர்போ அழுதார். அறுபத்தொரு வயது ஆள், கதவுக் கைப்பிடியை விடாமல் பிடித்தபடி, விக்கி விக்கி அழுதார். டிரைவரம்மா அழுகை முடியும்வரை காத்திருந்தார். பிறகு வண்டியைத் திருப்பி, வந்த வழியே இன்னொரு தடவை எண்ணினார். அன்றைக்குப் பெட்ரோல் தீரும்வரை எண்ணினார்.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதே ரோட்டில் அதே சிவப்பு வண்டி மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது. ஒரு சைக்கிள்காரர் அதைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தவர் டர்போ. பக்கத்துச் சீட்டில் டிரைவரம்மா.

"அழுத்துங்க" என்றார்.

"அழுத்தறேன். கொஞ்சம் பொறு. ரோடு எப்படின்னு பாத்துக்கறேன்."

"பத்தொம்பது வருஷம் பொறுத்தாச்சு. அழுத்துங்க."

அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பயந்து காலை எடுக்கப்போனவரின் முழங்கால் மேல் டிரைவரம்மா கையை வைத்து அமுக்கிக்கொண்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்.